துப்பறியும் கணினி விளையாட்டுகள்: பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆட ஒரு முழுமையான வழிகாட்டி

காணாமல்போன பொருளை யார் எடுத்தார்கள்? சாட்சி சொல்வதில் எது பொய்? பூட்டிய அறைக்குள் ஆள் எப்படி நுழைந்தான்? இப்படி ஒரு கேள்வியைக் கொடுத்துவிட்டு, தடயங்களைத் தேடி விடையை நம்மையே கண்டுபிடிக்கச் சொல்லும் கணினி விளையாட்டுகள் நாற்பது ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கின்றன. சுட்டுத்தள்ளும் விளையாட்டுகளுக்கும் கார் பந்தயங்களுக்கும் கிடைக்கும் விளம்பரம் இவற்றுக்குக் கிடைப்பதில்லை. அதனால் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல வீடுகளில் இப்படி ஒரு வகை இருப்பதே தெரியாது.

ஆறு வயதிலிருந்து பதினாறு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுப்பது இந்த வகையைத்தான். "ஏன் அப்படிச் சொல்ற?" என்ற கேள்விக்குக் காரணத்தோடு பதில் சொல்லும் பழக்கம் இதில் வருகிறது. ஆனால் அது தானாக வந்துவிடாது. பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார வேண்டும். அந்தப் பெரியவருக்காகத்தான் இந்த வழிகாட்டி. அம்மா, அப்பா, அத்தை, சித்தப்பா, கல்லூரிக்குப் போகும் அக்கா, யாராக இருந்தாலும் சரி.

படி 1: பெயரைப் பார்த்து ஏமாறாமல் இருப்பது

'கிரைம்', 'மிஸ்டரி', 'டிடெக்டிவ்' என்று பெயர் வைத்த எல்லாமே துப்பறியும் விளையாட்டு ஆகிவிடாது. விளையாட்டு முடிந்ததும் பிள்ளையிடம் "அவன்தான் திருடன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேளுங்கள். "அவன் அந்த நேரத்துல தோட்டத்துல இருந்தேன்னு சொன்னான், ஆனா செருப்புல சேறே இல்ல" என்பதுபோல் பதில் வந்தால் அது நல்ல விளையாட்டு. "கேமே காட்டுச்சு" என்று வந்தால், அங்கே பிள்ளை யோசிப்பதற்கு வேலையே இருக்கவில்லை.

செல்போனில் பரவலாக ஆடப்படும் கிரிமினல் கேஸ் இதற்கு ஓர் உதாரணம். 2012-ல் ஃபேஸ்புக்கில் வந்து, பிறகு செல்போனுக்கும் வந்தது. படத்தில் ஒளிந்திருக்கும் பொருள்களை வேகமாகத் தொட்டு எடுப்பதுதான் அதில் பெரும்பகுதி வேலை. விளையாட்டு அளந்து தரும் 'எனர்ஜி' தீர்ந்தால் காத்திருக்க வேண்டும், அல்லது காசு கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வழக்கும் கொலை, பிணத்தையும் காட்டுவார்கள். கண் கூர்மைக்கு உதவலாம், ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு நான் தரமாட்டேன். ராப்லாக்ஸ் என்ற விளையாட்டுத் தளத்தில் பிள்ளைகள் ஆடும் மர்டர் மிஸ்டரி வகையும் பெரும்பாலும் ஓடிப்பிடிக்கிற ஆட்டம்தான்.

அமாங் அஸ் வேறு ரகம். 2018-ல் வந்த அந்த விளையாட்டில் கூட்டத்தில் ஒளிந்திருக்கும் எதிரியைப் பேசிப்பேசியே கண்டுபிடிக்க வேண்டும். யார் எங்கே இருந்தார்கள், யார் சொல்வது பொருந்தவில்லை என்று வாதாட வேண்டும். முகம் தெரியாத ஆட்களோடு ஆடவிடாதீர்கள். ஒரே வைஃபையில் இருப்பவர்கள் மட்டும் ஆடும் 'லோக்கல்' முறை அதில் உண்டு. பொங்கலுக்கு மாமா பிள்ளைகள், பெரியப்பா பிள்ளைகள் எல்லாரும் ஒரே வீட்டில் கூடும்போது, ஒரு செல்போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஆடலாம். கொல்வதுபோன்ற காட்சிகள் கார்ட்டூனாகத்தான் வரும். சின்னப் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம்.

படி 2: வீட்டில் இருக்கும் கணினி எதைத் தாங்கும் என்று பார்ப்பது

நம் மாவட்டங்களில் நிறைய வீடுகளில் இருக்கும் ஒரே கணினி, அண்ணனோ அக்காவோ மேல்நிலைப் பள்ளியில் படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப். அந்தத் திட்டம் 2011-ல் தொடங்கியது. பேட்டரி போயிருக்கும், சார்ஜரில் போட்டால் ஓடும். அதைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வையுங்கள். இந்த வகை விளையாட்டுகள் பலவற்றுக்கு அது போதும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே கவனியுங்கள். கணினி விளையாட்டுகளை விற்கும் பெரிய கடையான ஸ்டீம், 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7, விண்டோஸ் 8 கணினிகளுக்கு ஆதரவை நிறுத்திவிட்டது. லேப்டாப்பில் பழைய விண்டோஸ் இருந்தால், ஸ்டீமை நம்பிப் பணம் கட்டிவிட்டு அப்புறம் முழிக்க வேண்டாம்.

அப்படிப்பட்ட கணினிக்கு ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பழைய கதை விளையாட்டுகளை இன்றைய கணினிகளில் ஓட வைப்பதற்காக 2001-ல் தொடங்கி, தன்னார்வலர்கள் இன்றுவரை பராமரித்து வருகிறார்கள். எடை குறைவு. பழைய விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் ஓடும். இது விளையாட்டை ஓட்டும் கருவி மட்டுமே. விளையாட்டைத் தனியாக வாங்க வேண்டும். ஆனால் அதன் இணையதளத்திலேயே பல விளையாட்டுகளின் இலவச மாதிரிகள் கிடைக்கின்றன. முதலில் அவற்றை இறக்கிப் பிள்ளைக்குப் பிடிக்கிறதா என்று பாருங்கள். பிடித்தால், புதிய கணினி வைத்திருக்கும் உறவினர் வீட்டில் உங்கள் கணக்கில் வாங்கி இறக்கி, அந்தக் கோப்புறையைப் பென்டிரைவில் கொண்டுவந்து ஸ்கம்விஎம்மில் சேர்த்துக்கொள்ளலாம். அடுத்த படியில் நான் சொல்லப்போகும் ஃப்ரெடி ஃபிஷ் விளையாட்டுகளே, ஸ்டீமில் விற்பவை, உள்ளுக்குள் ஸ்கம்விஎம் வைத்துத்தான் ஓடுகின்றன.

டேட்டாவைப் பொறுத்தவரை, ஒரே சிடியில் வந்த பழைய விளையாட்டுகள் எல்லாம் 700 எம்பிக்குள் அடங்கும். ஒருநாள் ரீசார்ஜ் டேட்டாவில் இறங்கிவிடும். புதியவை சில ஜிபி இருக்கும். இறக்கிவிட்டால் பெரும்பாலானவற்றுக்கு இணையம் வேண்டாம், ஸ்டீமிலும் 'ஆஃப்லைன்' முறை உண்டு. பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் மலையோரத்தில் சிக்னல் சரியாகக் கிடைக்காத ஊர்களுக்கு இது பெரிய வசதி.

'இலவசம்', 'கிராக்' (பூட்டு உடைத்த திருட்டுப் பிரதி) என்று சொல்லித் தரும் தளங்களிலிருந்து எதையும் இறக்க வேண்டாம். அதே கணினியில்தான் அப்பாவின் வங்கிக் கணக்கும் திறக்கப்படுகிறது.

படி 3: வயதுக்கும் சுபாவத்துக்கும் ஏற்றதைத் தேர்ந்தெடுப்பது

ஆறிலிருந்து ஒன்பது வயதுவரை ஃப்ரெடி ஃபிஷ்தான் என் முதல் பரிந்துரை. ஹ்யூமங்கஸ் என்டர்டெயின்மென்ட் என்ற நிறுவனம் 1994-ல் வெளியிடத் தொடங்கிய வரிசை இது. கதாநாயகி ஒரு மஞ்சள் மீன். கூட லூதர் என்ற சின்னப் பச்சை மீன். முதல் கதையில் குரூப்பர் பாட்டியின் கடற்பாசி விதைப் பெட்டி திருடுபோகிறது. பாட்டில்களுக்குள் கிடைக்கும் குறிப்புச் சீட்டுகளைத் தேடித்தேடிப் போக வேண்டும். படிக்கத் தெரியாத பிள்ளையும் ஆடலாம், எல்லாம் குரலில் வரும். தோற்பது என்பதே கிடையாது. ஒருமுறை முடித்துவிட்டுத் திரும்ப ஆரம்பித்தால் குறிப்புகள் வேறு இடத்தில் இருக்கும், அதனால் மனப்பாடம் உதவாது. 1998-ல் வந்த மூன்றாம் கதையில் திருவிழாவுக்கு வேண்டிய சங்கு காணாமல்போகிறது, லூதரின் மாமா மேல் பழி விழுகிறது. அதில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் திருடனே மாறக்கூடும். சந்தேகப்படும் ஆட்களை ஒவ்வொருவராக விலக்கிக்கொண்டே வருவது என்றால் என்ன என்பதைச் சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தர இதைவிட நல்ல விளையாட்டை நான் பார்த்ததில்லை.

எட்டு, ஒன்பது வயதில் ஓரளவு ஆங்கிலம் வாசிக்கும் பிள்ளைக்கு ஃப்ராக் டிடெக்டிவ். 2018-ல் வந்த முதல் பகுதியில், ஒரு தீவில் பேய் இருப்பதாகப் புகார் வந்து ஒரு தவளை துப்பறியப் போகிறது. ரத்தம் இல்லை, பயம் இல்லை, ஒரு மணி நேரம்போல ஆனால் முடிந்துவிடும். புதிர் கடினம் இல்லை. எல்லாரிடமும் பேச வேண்டும், சொன்னதை நினைவில் வைக்க வேண்டும் என்ற அடிப்படையை இது நன்றாகப் பதிய வைக்கும்.

புவியியல் பிடிக்கும் பிள்ளைக்குக் கார்மென் சாண்டியாகோ. 1985-ல் புரோடர்பண்ட் நிறுவனம் வெளியிட்டது. திருடிய ஒருத்தி நாடுநாடாகத் தப்பி ஓடுகிறாள். "யென் வாங்கிக்கொண்டு போனாள்" என்று ஒரு சாட்சி சொன்னால், யென் எந்த நாட்டுப் பணம் என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தேடிப் பார்த்துக்கொள்ளத்தான் அந்தக் காலத்தில் பெட்டிக்குள்ளேயே ஒரு உலகத் தகவல் புத்தகத்தை வைத்து விற்றார்கள். இன்னொரு நல்ல விதியும் அதில் உண்டு: குற்றவாளி கண்ணெதிரே நின்றாலும், முடி நிறம், பொழுதுபோக்கு, அடையாளம் இவற்றைச் சேர்த்து ஆள் இன்னார் என்று உறுதி செய்து பிடிவாரண்ட் வாங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கைது செய்ய முடியாது. ஆதாரம் இல்லாமல் யாரையும் பிடிக்கக் கூடாது என்பதை ஒரு விளையாட்டு இவ்வளவு எளிமையாகச் சொல்வது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். பழைய பதிப்பைக் கொடுத்தால், அதில் வரும் ஐரோப்பியப் பணங்கள் பல இப்போது யூரோவாகிவிட்டன என்பதைப் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். புதிய கணினி இருந்தால், கேம்லாஃப்ட் 2025-ல் வெளியிட்ட புதிய பதிப்பு இருக்கிறது.

பத்து, பதினோரு வயதுக்கு மேல் நான்சி ட்ரூ. ஹெர் இன்டராக்டிவ் நிறுவனம் 1998 முதல் வெளியிட்டுவரும் நீண்ட வரிசை. எளியது, கடினமானது என்று இரண்டு நிலைகள் பெரும்பாலானவற்றில் உண்டு. எளிய நிலையில் அடுத்துச் செய்ய வேண்டியவற்றின் பட்டியலும் துப்பும் கிடைக்கும். வரிசையில் முதலாவது என்று 1998 விளையாட்டில் ஆரம்பிக்காதீர்கள், அது பள்ளிக்கூடத்தில் நடக்கும் ஒரு கொலை. 2004-ல் வந்த ஷேடோ ரேஞ்ச் கதையில் தொடங்கலாம். அரிசோனாவில் ஒரு பண்ணை, ராத்திரியில் தோன்றும் ஒரு பேய்க்குதிரை. துப்பறிகிற நேரத்திலேயே காய் பறிக்க வேண்டும், கோழி முட்டை எடுக்க வேண்டும். காரிமங்கலத்துத் தக்காளித் தோட்டத்தில் ஓடியாடும் பிள்ளைக்கு அந்தப் பண்ணை அந்நியமாகத் தெரியாது. ஆனால் கேட்கவும் படிக்கவும் ஆங்கிலம் நிறைய. பெரியவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

பன்னிரண்டு, பதின்மூன்றுக்கு மேல், ஆங்கிலம் கைவந்தவர்களுக்கு 2024-ல் வந்த டக் டிடெக்டிவ். கண்டுபிடித்த சொற்களைக் கோடிட்ட இடங்களில் நிரப்பி, நடந்தது இதுதான் என்று ஒரு வாக்கியமாகக் காட்ட வேண்டும். ஊகித்து அழுத்தித் தப்பிப்பது கஷ்டம்.

பிளஸ் டூவில் கணினி அறிவியல் எடுத்தவர்கள் வீட்டில் இருந்தால், குரோம் போன்ற உலாவியிலேயே இலவசமாக ஆடும் எஸ்கியூஎல் மர்டர் மிஸ்டரியைக் காட்டுங்கள். ஒரு நகரத்தின் தரவுத்தளம் கையில் கிடைக்கும். தரவுத்தளத்தில் தகவல் தேடும் எஸ்கியூஎல் கட்டளைகளை எழுதித்தான் குற்றவாளியைப் பிடிக்க வேண்டும். பாடத்தில் படித்த அதே கட்டளைகள். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்து நைட் லேப் உருவாக்கியது.

படி 4: பணமும் பாதுகாப்பும்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். கணக்கு பெரியவர் பெயரில் இருக்கட்டும். கூகுள் பிளேயில் ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி அமைப்பில் மாற்றிவிடுங்கள். 3+, 7+, 12+, 16+, 18+ என்று ஒவ்வொன்றுக்கும் கீழே வயது போட்டிருக்கும், அதைப் பார்க்காமல் இறக்காதீர்கள். காசு கேட்டுக்கொண்டே இருக்கும் இலவச விளையாட்டைவிட, ஒருமுறை காசு கொடுத்து வாங்கி முடித்துவிடும் விளையாட்டு எப்போதும் மேல். ஸ்டீமில் கோடையிலும் ஆண்டுக் கடைசியிலும் பெரிய தள்ளுபடி வரும், அதுவரை பொறுக்கலாம். வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். லேப்டாப்பில் ஓடவில்லை என்றால் இது கைகொடுக்கும்.

படி 5: ஒரு நோட்டு, மூன்று கட்டம்

விளையாட்டைத் திறப்பதற்கு முன்னால் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து வையுங்கள். பக்கத்தை மூன்றாகப் பிரித்துக் கோடு போடுங்கள். முதல் கட்டம், நாம் கண்ணால் பார்த்தது. இரண்டாவது, மற்றவர்கள் சொன்னது. மூன்றாவது, நாம் நினைப்பது. இந்த முறை முழுவதும் இவ்வளவுதான், ஆனால் எல்லாம் இதற்குள் இருக்கிறது.

பிள்ளைகள் இந்த மூன்றையும் கலந்துவிடுவார்கள். பெரியவர்களும்தான் கலக்கிறோம். "தோட்டக்காரன் திருடினான்" என்று பிள்ளை எழுதப் போகும்போது நிறுத்துங்கள். "கண்ணு, அதை நீ பாத்தியா, இல்ல அந்தம்மா சொன்னாங்களா?" என்று கேளுங்கள். "சொன்னாங்க" என்றால் இரண்டாம் கட்டம். "இல்ல அத்தை, அவன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது" என்றால் மூன்றாம் கட்டம். அதைத் தப்பு என்று சொல்லாதீர்கள். அதற்கும் ஓர் இடம் இருக்கிறது, அது அந்தக் கட்டம்தான் என்று காட்டினால் போதும். முகத்தை வைத்து ஒருவரைக் குற்றவாளி என்று முடிவு செய்வது எவ்வளவு அபாயம் என்பது கதை முடிவில் பிள்ளைக்கே விளங்கிவிடும். நல்ல துப்பறியும் விளையாட்டுகளில் முறைத்துக்கொண்டு நிற்பவர் பெரும்பாலும் குற்றவாளியாக இருக்கமாட்டார்.

ஆட்கள் மூன்று பேருக்கு மேல் போனால் அடுத்த பக்கத்தில் ஓர் அட்டவணை போடுங்கள். இடப்பக்கம் பெயர்கள், மேலே நேரம். யார் எந்த நேரத்தில் எங்கே இருந்ததாகச் சொன்னார்கள் என்று நிரப்புங்கள். காலியாக நிற்கும் கட்டம்தான் அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி. ஒரே கட்டத்தில் இரண்டு இடம் வந்தால் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார்.

மொழிச் சிக்கலை இங்கேதான் தீர்க்க வேண்டும். இந்த விளையாட்டுகளில் தமிழ் கிடைப்பது அரிது. திரையில் ஆங்கிலம் ஓடட்டும், நோட்டில் எழுதுவது தமிழில் இருக்கட்டும். ஒரு உரையாடல் முடிந்ததும் நிறுத்திவிட்டு, "அவர் என்ன சொன்னார், உன் வார்த்தையில சொல்லு" என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும்போதே புரியாத சொல் எது என்று தெரிந்துவிடும். அதை மட்டும் விளக்கினால் போதும். ஓசூர், தளிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் அந்த மொழியிலேயே சொல்லட்டும். யோசனை தாய்மொழியில் ஓடுவது முக்கியம்.

மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? யூடியூபில் முழு விடையும் கிடைக்கும், அதனால்தான் அதைத் திறக்கக் கூடாது. முதலில் நோட்டை ஆரம்பத்திலிருந்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பாதிச் சிக்கல்கள் அதிலேயே தீரும். அடுத்து, இன்னும் போகாத இடம், பேசாத ஆள் உண்டா என்று பாருங்கள். அப்புறமும் தெரியவில்லை என்றால் விளையாட்டை மூடிவிட்டு மறுநாள் எடுங்கள். அதற்கும் பிறகுதான் வெளி உதவி. 1988-லிருந்து இருக்கும் யுனிவர்சல் ஹின்ட் சிஸ்டம் என்ற சேவை விடையை ஒரேயடியாகக் கொட்டாது. ஒவ்வொரு சிறு குறிப்பாகத் திறந்து காட்டும். பெரியவர் அதைப் படித்துவிட்டு, முதல் குறிப்பைக் கேள்வியாக மாற்றிப் பிள்ளையிடம் கேட்கலாம்.

மவுஸ் எப்போதும் பிள்ளை கையில் இருக்கட்டும். விடை உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்தாலும் வாயைத் திறக்காதீர்கள். பிள்ளை தப்பான ஆளைக் குற்றம் சாட்டிவிட்டுத் திரும்பி வந்து, எந்தத் தடயத்தைத் தவறாகப் படித்தோம் என்று தேடும் அந்த நேரம் ரொம்ப மதிப்பானது. அதைப் பறித்துக்கொள்ளும் உரிமை நமக்கு இல்லை.

முக்கால் மணி நேரம் போதும். கரண்ட் போகும் ஊரில், பேட்டரி போன லேப்டாப்பில் ஆடுகிறவர்கள் ஒவ்வொரு புதுத் தடயம் கிடைத்ததும் சேமித்துவிடுங்கள்.

படி 6: திரைக்கு வெளியே

ஒரு விளையாட்டு முடிந்ததும் அடுத்ததற்கு ஓடாமல், தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு ஒருமுறை கூட்டிப்போங்கள். அங்கே நடுகற்கள் இருக்கின்றன. பலகையில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டாமல், கல்லை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். வீரன் கையில் என்ன இருக்கிறது? உடம்பில் அம்பு தைத்திருக்கிறதா? பக்கத்தில் மாடு செதுக்கியிருக்கிறதா? மாடு இருந்தால், கவர்ந்துபோன ஆநிரையை மீட்கும் சண்டையில் இறந்தவராக இருக்கலாம் என்பது வரை பிள்ளையே வந்துவிடும். பிறகு கல்வெட்டு என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். நோட்டையும் எடுத்துப் போங்கள், அதே மூன்று கட்டம்தான்.

கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறைக் கதையையும் சொல்லுங்கள். அங்கே அகழாய்வில் கிடைத்தவற்றைக் கரிமக் காலக்கணிப்புக்கு அனுப்பி, தமிழ்நாட்டில் இரும்பின் பயன்பாடு கி.மு. 2172 வரை பின்னே போகிறது என்று 2022-ல் அறிவித்தார்கள். ஏறக்குறைய 4,200 ஆண்டுகள். சாட்சி சொல்ல ஒரு ஆள்கூட இல்லாத வழக்கு அது. மண்ணடுக்கும் அதில் கிடைத்தவையும்தான் பேசின.

படி 7: பிள்ளையே ஒரு விளையாட்டைச் செய்வது

நான்கைந்து விளையாட்டுகள் முடித்த பிள்ளை இதற்குத் தயார். கதை விளையாட்டுகளைச் செய்ய ட்வைன் என்ற இலவசக் கருவி இருக்கிறது, 2009-ல் கிறிஸ் கிளைமாஸ் உருவாக்கியது. நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. உலாவியில் திறந்தால் போதும், இறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாமலும் பயன்படுத்தலாம். தமிழில் எழுதினால் தமிழிலேயே வரும்.

கதை நம் மண்ணிலேயே இருக்கட்டும். என்னோடு உட்கார்ந்த பிள்ளைகளோடு நான் செய்யும் கதை இது: தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு சிற்றூர். விடிந்து பார்த்தால் ராகிக் காட்டில் பாதி நாசம். செய்தது யார்? பக்கத்துக் காட்டுக்காரரின் மாடா, காட்டுப்பன்றியா, யானையா?

விடையிலிருந்து தொடங்க வேண்டும். விடை யானை என்று வைத்துக்கொண்டால், அது என்னென்ன தடயங்களை விட்டுப்போகும் என்று பிள்ளை கண்டுபிடிக்க வேண்டும். பெரியவர்களைக் கேட்கட்டும். தாத்தா பாட்டியிடம் இதைப் பற்றி ஏராளம் இருக்கிறது. மாடு பயிரின் தலைப்பக்கத்தை மேயும், குளம்பு இரண்டாகப் பிளந்த தடம் விழும். பன்றி மூக்கால் மண்ணைக் கிளறிப்போட்டிருக்கும். யானை கொத்தாக வேரோடு பிடுங்கும், தடம் வட்டமாக விழும், சாணம் பெரிய உருண்டைகளாகக் கிடக்கும். யானையின் முன்காலடித் தடத்தைச் சுற்றி அளந்து அதை இரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய அதன் தோள் உயரம் கிடைக்கும். தடத்தின் சுற்றளவு 1.2 மீட்டர் என்றால் உயரம் 2.4 மீட்டர். இந்தக் கணக்கை விளையாட்டுக்குள் வைத்தால் ஆடுகிறவரும் பெருக்கிப் பார்க்க வேண்டியிருக்கும்.

இதில் ஒரு திருப்பமும் வைக்கலாம். பெரிய தடத்துக்குப் பக்கத்தில் சிறிய தடமும் இருந்தால், வந்தது தனி யானை இல்லை, குட்டியோடு வந்த கூட்டம். ஆண்டுக் கடைசி மாதங்களில் கர்நாடகத்தின் பன்னார்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக யானைகள் இந்தப் பக்கம் வருவது வழக்கம். அப்படியானால் கடைசிக் கேள்வி மாறிவிடுகிறது: கூட்டம் எந்தத் திசையில் போயிருக்கிறது, யாருக்கு முதலில் தகவல் சொல்ல வேண்டும்? வனத்துறைக்குச் சொல்லும் வழியைத் தேர்ந்தெடுத்தவர் வெற்றி பெறுகிறார். பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையிடம் இழப்பீடு கேட்கலாம் என்பதையும் அங்கே சேர்க்கலாம். நிஜத்தில் காட்டோரத்தில் தடம் பார்க்கப் பிள்ளைகள் தனியாகப் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். விளையாட்டின் முதல் திரையிலும் அதை எழுத வையுங்கள்.

கணினியைத் திறக்கும் முன் எல்லாம் காகிதத்தில் நடக்கட்டும். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு துண்டுச் சீட்டு: காட்டின் வரப்பு, கிணற்றடி, பக்கத்துக் காட்டுக்காரர் வீடு, டீக்கடை. தரையில் பரப்பி, எந்தச் சீட்டிலிருந்து எதற்குப் போகலாம் என்று சாக்பீஸால் கோடு போடுங்கள். ட்வைனில் திரை அப்படியேதான் இருக்கும்: ஒவ்வொரு சீட்டும் ஒரு பெட்டி. பெட்டியைத் திறந்து கதையைத் தட்டச்சு செய்துவிட்டு, ஆடுகிறவர் அழுத்த வேண்டிய வரியை இரட்டைச் சதுர அடைப்புக்குள் போட வேண்டும்.

[[கிணற்றடிக்குப் போ]]

இப்படி எழுதினால் அந்தப் பெயரில் புதுப் பெட்டி தானாக வந்துவிடும். வரி நீளமாகவும் பெட்டியின் பெயர் சுருக்கமாகவும் வேண்டுமானால்:

[[நூலை வைத்துத் தடத்தை அளந்து பார்->தடம்]]

இந்த இரண்டு வடிவம் தெரிந்தால் முழு விளையாட்டையும் செய்துவிடலாம். தட்டச்சு தெரியாத பிள்ளை, செல்போனில் ஜிபோர்டு தமிழ்க் குரல் உள்ளீட்டில் பேசி, வந்ததைத் திருத்தி ஒட்டலாம். எழுத்துப்பிழை திருத்துவதும் ஒரு பாடமாகிவிடும்.

சாட்சிகளில் ஒருவராவது உண்மையிலேயே தவறாக நினைத்திருப்பவராக இருக்கட்டும். "ராத்திரி மாடு கத்துச்சு, அதுதான் மேஞ்சிருக்கும்" என்று டீக்கடைக்காரர் சொல்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. மாடு கத்தியது உண்மை, யானையைப் பார்த்துக் கத்தியது. கேட்டது ஒன்று, அதிலிருந்து நினைத்துக்கொண்டது இன்னொன்று. நோட்டின் இரண்டாம் கட்டமும் மூன்றாம் கட்டமும் பிள்ளையின் எழுத்துக்குள்ளேயே இப்படி வந்துவிடும்.

உலாவியில் செய்த கதை அந்த உலாவியில்தான் சேமிக்கப்பட்டிருக்கும். யாராவது உலாவித் தரவை அழித்தால் கதையும் போய்விடும். ஒவ்வொரு நாளும் முடித்ததும் கோப்பாக எடுத்துப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்த விளையாட்டு ஒரே ஒரு ஹெச்டிஎம்எல் கோப்பாக வெளிவரும். வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், எந்த உலாவியிலும் திறக்கும்.

கதை தெரியாத ஒருவரிடம் கொடுத்து ஆட வைப்பதுதான் கடைசி வேலை. வகுப்புத் தோழனாக இருக்கலாம், பெங்களூருக்கு வேலைக்குப் போய் வாரக்கடைசியில் வரும் அண்ணனாக இருக்கலாம். செய்த பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, வாய் பேசாமல் பார்க்க வேண்டும். ஆடுகிறவர் எங்கே தயங்குகிறார், எந்தத் தடயத்தைக் கவனிக்காமல் தாண்டிப்போகிறார், எந்த இடத்தில் விடையை முன்கூட்டியே பிடித்துவிடுகிறார் என்று நோட்டில் குறிக்க வேண்டும். முடிந்ததும் "எப்படித் தெரிஞ்சுது?" என்று அவரிடம் கேட்க வேண்டும். அவர் சொல்லும் காரணத்தில் பிள்ளை வைத்த தடயங்களில் எது வரவில்லையோ, அந்தப் பெட்டியைத் திறந்து திருத்தி, அடுத்தவரிடம் கொடுங்கள்.